ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா?

புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகும் தூங்கவிடாத சிறுநீர்த் தொல்லை... சமாளிக்க வழி இருக்கிறது!

''கட்டி கரைஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்கேன் எல்லாம் நார்மல். ஆனா ராத்திரி ஒழுங்கா தூங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா?''

மயிலாப்பூர் மாட வீதியானாலும் சரி, தி.நகர் ஃப்ளாட்டானாலும் சரி, அடையாறு காந்தி நகரானாலும் சரி, புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பிய பலருடைய மனசில் இருக்கிற வார்த்தை இது. சிலர் வாய்விட்டுச் சொல்கிறார்கள். பலர் மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

பத்தரைக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை என்று பாத்ரூமுக்கு நடை. திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. 'இது மறுபடியும் அதுவா இருக்குமோ?' என்ற பயம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. காலையில் பால்காரர் மணி அடிக்கும்போதுதான் கண் அசருகிறது. அதற்குள் வீடே எழுந்துவிடும்.

''கேன்சரையே தாண்டியாச்சு, இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா?'' என்று கேட்காதீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

வெட்கப்படும் விஷயமா இது?

கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைத்துக்கொண்ட' (ரேடியேஷனுக்கு நம்மூரில் அப்படித்தானே பெயர்!) ஒரு அம்மாவுக்கு, இதை மகனிடமோ மருமகளிடமோ சொல்ல நாக்கு கூசுகிறது. புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர், ''வயசானா அப்படித்தான்'' என்று தானே தீர்ப்பு எழுதிவிடுகிறார். செக்கப்புக்குப் போனால் டாக்டர் ''எப்படி இருக்கீங்க?'' என்கிறார். ''நல்லா இருக்கேன் சார்'' என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

பிறகு நாமாகவே சில 'வைத்தியம்' ஆரம்பிக்கிறோம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்கிறோம். சிறுநீர் அடர்த்தியாகி, எரிச்சல் கூடி, இன்னும் அடிக்கடி போக வேண்டி வருகிறது. தெரிந்தவர் வீட்டிலிருந்து தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். அரைத் தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுகிறோம். சபா கச்சேரி வேண்டாம், கோயில் வேண்டாம், கல்யாணம் வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே முடங்குகிறோம். சிலர் தூக்கம் கெடுகிறது என்பதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையையே சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நோய் திரும்பாமல் காவல் காக்கிற மாத்திரை அது!

பிழைத்தவர்களின் பிரச்னை

சென்னைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் நீண்ட உறவு. தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். அப்போது இருந்தவை 12 படுக்கைகள்தான். அவருடைய மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கே சேர்ந்து 2021 ஜனவரியில் மறையும்வரை அதையே வாழ்க்கையாகக் கொண்ட டாக்டர் வி.சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். சாந்தா அம்மையாருக்கு 2005-ல் மகசேசே விருதும் 2016-ல் பத்ம விபூஷணும் கிடைத்தன.

சென்னையில் யாருக்கு, எந்தப் புற்றுநோய், எத்தனை பேருக்கு என்று கணக்கெடுக்கும் பதிவேடும் அங்கேதான் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அந்த நாளில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய் புற்றுநோய். பிறகு அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது.

அந்தக் காலத்தில் 'பிழைப்பாரா?' என்பதுதான் ஒரே கேள்வி. இப்போது சிகிச்சை முடிந்து பத்து வருஷம், இருபது வருஷம் நன்றாக வாழ்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு: ''பிழைச்சாச்சு, நிம்மதியா ஒரு ராத்திரி தூங்க முடியுமா?'' நியாயமான கேள்விதான்.

மூன்று ரகம்... உங்களுடையது எது?

ஆரோக்கியமான சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். பகலில் ஆறு முதல் எட்டு தடவை, ராத்திரியில் ஒரு தடவை போவது சாதாரணம். ராத்திரி இரண்டு தடவைக்கு மேல் எழுந்து, அதனால் மறுநாள் அசதியாக இருந்தால், அது கவனிக்க வேண்டிய தொல்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம்: பை சுருங்கிவிட்டது, அல்லது எரிச்சலில் இருக்கிறது. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு வைத்தால், கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையும் கொஞ்சம் வாங்கிக் கொள்ளும். கர்ப்பப்பை வாய், புராஸ்டேட், மலக்குடல், எல்லாமே அதற்கு அக்கம்பக்கம்தானே! பை புண்ணாகி, நாளடைவில் விறைத்து, கொஞ்சம் நிரம்பினாலே 'போ, போ' என்கிறது. சிகிச்சையின்போதே வரும் எரிச்சல், முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் மாதங்கள், வருஷங்கள் கழித்தும் இது தலைகாட்டலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பைக்குள்ளேயே செலுத்தும் பி.சி.ஜி. மருந்தும், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற சில கீமோ மருந்துகளும் பையைப் புண்ணாக்கக் கூடியவை.

இரண்டாவது ரகம்: பை நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரியில் சிறுநீர் அதிகம் உற்பத்தியாகிறது. ராத்திரியில் சிறுநீரைக் குறைத்து வைக்க மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். வயதாக ஆக அது குறைகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறுகிறது. சர்க்கரை, இதயக் கோளாறு, சில பி.பி. மாத்திரைகள், குறட்டையோடு மூச்சு தடைபடும் நோய், எல்லாமே இதில் சேர்த்தி.

மூன்றாவது ரகம்: தூக்கம்தான் முதலில் கலைகிறது, சிறுநீர் சும்மா சாக்கு! உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பதாலோ, ஸ்டீராய்டு மாத்திரையாலோ, வலியாலோ, கவலையாலோ விழிப்பு வருகிறது. ''முழிச்சாச்சு, போயிட்டு வந்துடலாம்'' என்று எழுந்து போகிறோம். நாலு நாளில் அது பழக்கமாகிவிடுகிறது.

பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். ஆனால் எது பிரதானம் என்று தெரியாமல் மருந்து தேடினால், கால் வலிக்குத் தலையில் தைலம் தேய்த்த கதையாகிவிடும்.

மூன்று நாள் டைரி

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், செலவும் கிடையாது. ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பை. (சமையலறைக் கோப்பையை எடுக்காதீர்கள். இதற்கென்றே தனியாக ஒன்று வாங்கிப் பாத்ரூமில் வைத்துவிடுங்கள்!)

மூன்று நாளைக்கு, ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். தூங்கப் போன பிறகு வந்ததோடு, காலையில் எழுந்ததும் முதல் தடவை போவதையும் சேர்த்தால் அது 'ராத்திரிக் கணக்கு'.

இரண்டு உதாரணம் பாருங்கள்.

ஒருவருக்கு ராத்திரி 100, 90, 110, காலையில் 100. ஆக 400 மில்லி. ஒரு நாளின் மொத்தம் 1,600. ராத்திரிப் பங்கு கால்வாசிதான். ஆனால் எந்த நேரத்திலும் நூற்றுப் பத்தைத் தாண்டவே பை இடம் தரவில்லை. இவர் முதல் ரகம்.

இன்னொருவருக்கு ராத்திரி இரண்டு தடவை 300, காலையில் 300. ஆக 900. நாளின் மொத்தம் 1,700. பாதிக்கு மேல் ராத்திரியிலேயே வந்துவிட்டது. வயதானவர்களுக்கு ராத்திரிப் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிகம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இவர் இரண்டாவது ரகம்.

இரண்டு பேரும் ''ராத்திரி பல தடவை போறேன்'' என்றுதான் சொல்வார்கள். வைத்தியமோ முற்றிலும் வேறு! அதனால்தான் இந்த ஒரு தாளை டாக்டரிடம் நீட்டினால், பத்து நிமிஷம் விளக்குவதைவிட அவருக்கு அதிகம் புரியும். முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்வார். கிருமித் தொற்று இருந்தால் அதைத் தீர்த்தாலே பாதித் தொல்லை போய்விடும். ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுவார்.

பை சுருங்கியவர்களுக்கு...

* அவசரத்தை அடக்கப் பழகுங்கள்: 'உடனே போகணும்' என்று தோன்றியதும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். காற்றை அடக்குவது போல அடித்தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். அவசரம் அலை மாதிரி எழுந்து தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போங்கள்.

* இடைவெளியைக் கூட்டுங்கள்: பகலில் ஒரு மணிக்கு ஒரு தடவை போகிறவர், இந்த வாரம் ஒண்ணேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை மணி என்று தள்ளிப் போடலாம். மெள்ள மெள்ள இரண்டரை, மூன்று மணி வரை கொண்டு வருவதுதான் குறி. பை மிகவும் விறைத்துப் போனவர்களுக்கு அவ்வளவு தூரம் முடியாமல் போகலாம். பரவாயில்லை, அரை மணி கூடினாலும் லாபம்தான்.

* அடித்தசைப் பயிற்சி: ஐந்து விநாடி இறுக்குங்கள், ஐந்து விநாடி விடுங்கள். பத்து தடவை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது! பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். டியூப் வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாது.

* மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். நிறைந்த குடல் பையை அழுத்தும். ஆனால் கதிர்வீச்சால் குடலும் புண்ணாகி இருப்பவர்கள், நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டாமல் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

* பையின் துடிப்பை அடக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றில் சில வாயை வறட்டும், மலத்தைக் கட்டும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரும். சிலருக்குப் பையில் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கி, வழிந்து வழிந்து வரும். அவர்கள் இந்த மாத்திரையைப் போட்டால் அடைத்தே போகும்! அதனால் ஒரு சின்ன ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் டாக்டர் முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, குடலிலிருந்து புதுப் பை தைத்துக் கொண்டவர்கள் ஒரு விஷயத்தில் தனி. அவர்களுக்கு 'நிரம்பிவிட்டது' என்ற பழைய உணர்வு வராது. ராத்திரியிலும் டாக்டர் சொன்ன இடைவெளியில் அலாரம் வைத்து எழுந்து போவதுதான் அவர்களுக்கு வைத்தியமே. அதை நிறுத்தினால் பை அளவுக்கு மீறி விரிந்துவிடும்.

ராத்திரியில் அதிகம் சுரப்பவர்களுக்கு...

நம் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எட்டரைக்கு ரசம் சாதம், அப்புறம் மோர் சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய், சுட்ட அப்பளம். மாத்திரைக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால். கூட்டிப் பார்த்தால் முக்கால் லிட்டர் உள்ளே போயிருக்கிறது, உப்பு வேறு!

* ஒரு நாளைக்கு வேண்டிய ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரில் பெரும்பகுதியைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்து விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் கூடத் தேவைப்படும். மொத்தத்தைக் குறைக்காதீர்கள், நேரத்தைத்தான் முன்னால் தள்ளுகிறோம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் கணக்கு.

* ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குக் கொண்டு வாருங்கள். ரசமும் மோரும் மத்தியானத்துக்கு இருக்கட்டும். ராத்திரிக்கு இட்லி, சப்பாத்தி, கெட்டித் தயிர் சாதம் போதும்.

* மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். டிக்காஷன் வாசனை மூக்கைத் துளைக்கும்தான்... காலையில் குடித்தது போதும்! இளநீர், தர்பூசணி, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் பகலோடு சரி.

* உப்பைக் குறையுங்கள். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 10.7 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் அதை 8 கிராமாகக் குறைத்தபோது, ராத்திரி எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய், கருவாடு இவற்றில் கை வைத்தாலே ஓரளவு குறைந்துவிடும்.

* சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு ஒரு மணி நேரம், கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். காலில் தேங்கிய நீர் படுக்கைக்குப் போகும் முன்பே வெளியேறிவிடும். இடுப்பில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் கால் வீங்கியவர்களுக்கு, டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறையும் உதவும்.

* நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை ராத்திரியிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில பி.பி. மாத்திரைகள் காலை வீங்க வைக்கும், அதையும் சொல்லுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

* ''அவர் குறட்டை விட்டா பக்கத்து ஃப்ளாட்டுக்கே கேக்கும், நடுவுல மூச்சே நின்னு போயிடற மாதிரி இருக்கும்'' என்று வீட்டில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

இந்த ரகத்துக்கு ஹார்மோனைப் போன்ற மருந்து ஒன்று உண்டு. ஆனால் வயதானவர்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தாக இறக்கிவிடலாம். ரத்தப் பரிசோதனையும் டாக்டர் கண்காணிப்பும் இல்லாமல் தொடக் கூடாது.

தூக்கமே முதலில் கலைகிறவர்களுக்கு...

புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் கொள்கிறவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருவது போல உடம்பு சூடேறி வியர்க்கும். பருத்தி உடை, ஃபேனுக்கு நேராகப் படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஈரத் துண்டு, இவையே ஓரளவு உதவும். ஏ.சி.யைக் குளிரக் குளிர வைத்தால் வியர்வை நிற்கும், பாத்ரூம் நடை கூடும்! நடுத்தரமாக வையுங்கள். தொல்லை மிஞ்சினால் இந்தச் சூட்டைக் குறைக்கவே மருந்துகள் இருக்கின்றன, கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போட்டுக் கொள்ளலாமா என்றும் கேளுங்கள். ராத்திரி போட்டால் கொட்டக் கொட்ட விழித்திருக்க வைக்கும்.

தூக்கத்துக்கும் சில ஒழுங்குகள் உண்டு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மத்தியானக் குட்டித் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். பாத்ரூம் போய் வந்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் புரண்டு கொண்டிருக்காமல், ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் சொக்கும்போது திரும்பி வாருங்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். 'ஐயோ, மூணு மணி ஆயிடுச்சே!' என்ற கவலையே மிச்சத் தூக்கத்தையும் தின்றுவிடும். செல்போன் படுக்கையறைக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

இவற்றை முறைப்படி கற்றுத்தரும் மனநலப் பயிற்சிதான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே பரிந்துரைக்கப்படும் முதல் சிகிச்சை. புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே அடையாறு மருத்துவமனையில் தனித் துறை இருக்கிறது. அங்கே போவது பைத்தியம் என்று அர்த்தமில்லை! யோகாவும் கைகொடுக்கும். 2013-ல் அமெரிக்காவில், சிகிச்சை முடித்த 410 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீதம் நாலு வாரம் மென்மையான ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர்களுக்குத் தூக்கம் கூடியது தெரியவந்தது. எலியட்ஸ் பீச்சிலோ நாகேஸ்வரராவ் பூங்காவிலோ காலை வெயிலில் அரை மணி நடந்தாலும் ராத்திரித் தூக்கத்துக்கு நல்லது.

விழுந்துவிடாதீர்கள்!

எத்தனை செய்தாலும் ஒன்றிரண்டு தடவை எழத்தான் வேண்டியிருக்கும். அந்த நடையைப் பத்திரமாக்குங்கள். புராஸ்டேட்டுக்கான ஹார்மோன் ஊசியும், மார்பகப் புற்றுநோய்க்கான சில மாத்திரைகளும், ஸ்டீராய்டும் எலும்பை மெலிய வைப்பவை. ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம்.

* எழுந்ததும் படுக்கை ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகு நில்லுங்கள். தலைசுற்றலைத் தவிர்க்கலாம்.
* கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு எரியட்டும். கரண்ட் போனால் என்ன செய்வது? தலையணைக்குப் பக்கத்தில் டார்ச்.
* கொசுவலை காலில் சிக்காமல், இறங்கும் பக்கத்தை மட்டும் சுலபமாகத் தூக்கும்படி செருகுங்கள். மிதியடி வழுக்கினால் தூக்கிப் போடுங்கள்.
* கடைசியாகப் பாத்ரூம் போகிறவர் தரையைத் துடைத்துவிட்டு வரட்டும். ஈர டைல்ஸ்தான் முதல் எதிரி. சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள்.
* உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள். விழுந்தால் கதவை உடைக்க வேண்டி வரும்.
* பாத்ரூம் கொல்லைப்புறத்தில் இருக்கும் பழைய மயிலாப்பூர் வீடுகளில், கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலியோ, ஆண்களுக்கு யூரின் பாட்டிலோ வைத்துக் கொள்ளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பக்கத்தில் படுத்திருப்பவர்...

நோயாளி நாலு தடவை எழுந்தால், அவரோடு எழுந்து விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து, திரும்பப் படுக்க வைக்கும் மனைவியோ கணவரோ ஐந்து தடவை எழுகிறார்! அவருக்கும் அறுபது, எழுபது வயது இருக்கும், பி.பி. இருக்கும். ''எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்'' என்பார். நம்பாதீர்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது மகனோ மகளோ முறை எடுத்துக்கொண்டு அவரை வேறு அறையில் தூங்க விடுங்கள். கூப்பிட ஒரு சின்ன மணி வைத்துவிட்டால், ஒவ்வொரு அசைவுக்கும் விழித்துக்கொள்ள வேண்டாம்.

வெளியில் போக முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள்!

* சிறுநீரில் ரத்தம். சிகிச்சை முடிந்து பத்து வருஷம் ஆனாலும் சரி, ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும் சரி, காட்டியே ஆக வேண்டும்.
* குளிர் ஜுரத்தோடு எரிச்சல், விலாப் பக்கம் வலி. கீமோ நடந்து கொண்டிருக்கிறவர்களுக்கு ஜுரம் என்றாலே அவசரம்தான்.
* முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் ஒரு சொட்டும் இறங்கவில்லை.
* புதிதாக முதுகுவலி, கூடவே கால் தளர்ச்சி அல்லது மரத்துப் போதல், சிறுநீரோ மலமோ அடங்காமல் போவது. தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில சந்தேகங்கள்

ராத்திரி அடிக்கடி போவது புற்றுநோய் திரும்பிவிட்டதற்கு அடையாளமா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன மூன்று ரகத்தில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டில் தனியாகப் படுத்து யோசித்தால் விடை கிடைக்காது, பரிசோதனையில்தான் கிடைக்கும். முன்பு இல்லாமல் புதிதாக ஆரம்பித்திருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

நெருஞ்சில் கஷாயம் குடிக்கலாமா?

நெருஞ்சில் நீர் பிரிவதற்கென்றே நம் பாட்டிமார் கொடுத்தது. ராத்திரி குடித்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்! எந்த மூலிகையானாலும் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். மாத்திரைகளோடு மோதக்கூடும்.

கதிர்வீச்சால் வந்த ரத்தப்போக்குக்கும் எரிச்சலுக்கும் வைத்தியம் உண்டா?

உண்டு. பையைக் கழுவுவது, உள்ளே மருந்து செலுத்துவது, ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பது எல்லாம் சிறுநீரக இயல் நிபுணர்கள் செய்பவை. உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறையில் வைக்கும் சிகிச்சை பலருக்குத் தொல்லையைக் குறைத்ததாக, வட ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, எல்லோருக்கும் தேவையும் இல்லை.

எப்போது குறையும்?

டைரியைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினால், ஆறு வாரத்தில் ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். நாலு தடவை என்பது இரண்டாகக் குறைவதே பெரிய வெற்றி. இரண்டுக்கு நடுவில் மூன்று மணி நேரம் அசந்து தூங்கினாலே மறுநாள் முகமே மாறிவிடும். ஆறு வாரத்திலும் மாற்றமே இல்லையென்றால், ''இதுக்கு மேல என்ன பண்றது'' என்று விட்டுவிடாமல், சிறுநீரக இயல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த தடவை செக்கப்புக்குக் கிளம்பும்போது பழைய ஃபைல், ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் பையில் வைப்பீர்கள் அல்லவா? அதோடு அந்த மூன்று நாள் டைரியையும் மறக்காமல் வையுங்கள். டாக்டர் ''எப்படி இருக்கீங்க?'' என்று கேட்டதும், ''நல்லா இருக்கேன் சார், ஆனா ராத்திரிதான் தூங்க முடியலை'' என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.